கண் சிமிட்டும் ‘செக் இன்ஜின்’ லைட்: காரில் ‘மிஸ்ஸிங்’ வந்தால் பார்ட்ஸ் மாற்றும் முன் என்ன பார்க்கணும்?

சிக்னலில் கார் நிற்கிறது. ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம். பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி திக்கித் திக்கி நகர்கிறது. மேம்பாலம் ஏறும்போது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல ஒரு ஜெர்க். மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் படம் ஒன்று எரிய ஆரம்பிக்கிறது.

மெக்கானிக்கிடம் போனால் அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: “மிஸ்ஸிங் அடிக்குது.” இன்ஜினில் இருக்கும் சிலிண்டர்களில் ஒன்று ஒழுங்காக எரியவில்லை, அதாவது மிஸ்ஃபயர். அதுவரை சரி. அடுத்து “நாலு பிளக்கையும் மாத்திடலாம், காயிலையும் மாத்திடலாம், இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிடலாம்” என்று பட்டியல் நீளும்போதுதான் பர்ஸுக்குச் சிக்கல். அந்தப் பட்டியலில் ஏதோ ஒன்று மட்டும்தான் உண்மையான காரணமாக இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. அது தெரிந்தால் நீங்களே ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் நின்று சரியான கேள்வி கேட்கலாம்.

முதலில் லைட்டைப் பாருங்க

செக் இன்ஜின் லைட் இரண்டு விதமாகப் பேசும். நிலையாக எரிந்தால், ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் காட்டுங்கள் என்று அர்த்தம். விட்டு விட்டுச் சிமிட்டினால் விஷயம் வேறு. மிஸ்ஃபயர் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது, சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு நடக்கிறது என்று அர்த்தம்.

ஏன் கெடுக்கிறது? எரியாத சிலிண்டரில் போன பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் வந்துவிடுகிறது. கூடவே எரிக்கப்படாத ஆக்ஸிஜனும் வருகிறது. இரண்டும் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேலை செய்யும் பொருள் அது. உள்ளே பெட்ரோல் எரிந்தால் சூடு ஆயிரத்தைத் தாண்டி, தேன்கூடு போன்ற அதன் பீங்கான் பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியது என்பதால், சில நூறு ரூபாய் பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல பத்தாயிரங்களுக்குப் போய்விடும்.

ஆகவே லைட் சிமிட்டினால், முடிந்தவரை சீக்கிரம் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். நெடுஞ்சாலையில் உடனே நிறுத்த வழியில்லை என்றால் ஆக்ஸிலரேட்டரை லேசாக்கி, ஏசியை அணைத்து, மெதுவாக அருகிலிருக்கும் பெட்ரோல் பங்க்குக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ ஓட்டுங்கள். “வேகமா போனா சரியாயிடும்” என்று மிதிப்பது தவறு. இன்னொன்று: நிறுத்தும் இடத்தில் காய்ந்த புல், சருகு இருக்கக் கூடாது. கன்வெர்ட்டர் வண்டியின் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தச் சூட்டில் சருகு பற்றிக்கொள்ளும்.

கார் எப்படிக் கண்டுபிடிக்குது?

சிலிண்டருக்குள் கேமரா எதுவும் இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தை ஒரு சென்சார் விடாமல் அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது ஷாஃப்ட்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். இன்ஜின் 3000 ஆர்பிஎம்-மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 முறை எரிகிறது. நான்கு சிலிண்டர் என்றால் விநாடிக்கு 100 தள்ளு. அதில் ஒன்று வராமல் போனால் ஷாஃப்ட் நூலிழை அளவு மெதுவாகும். எந்தச் சிலிண்டரின் முறை வந்தபோது மெதுவானது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது.

குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் குதிக்கும்போதும் ஷாஃப்ட் வேகம் இதே மாதிரி ஏறி இறங்கும். அதனால் பல கார்களில் ஏபிஎஸ் சக்கர சென்சார்களின் தகவலையும் சேர்த்துப் பார்த்து, ரோடு மோசம் என்று தெரிந்தால் மிஸ்ஃபயர் கணக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறார்கள். நம்ம ஊர் ரோட்டில் அது எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருக்குமோ!

மூன்று சிலிண்டர் கார்களில் நடுக்கம் அதிகம் தெரியும். காரணம் எளிது: ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. இப்போது விற்கும் சின்ன பெட்ரோல் கார்களில் பல மூன்று சிலிண்டர்தான்.

கோடு என்ன சொல்லுது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம், 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி 2 முறைதான் உலகம் முழுக்கப் பரவி, இங்கேயும் வந்தது. ஆன்லைனில் கிடைக்கும் சின்ன புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் ஓர் ஆப் போட்டால் கோடுகளைப் படிக்கலாம். சின்ன ஒர்க்‌ஷாப்களிலும் இப்போது ஸ்கேனர் இருக்கிறது.

மிஸ்ஃபயர் கோடுகள் படிக்க எளிது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது, பி0304 நான்காவது. பி0300 என்றால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் இல்லை, மாறி மாறி எல்லாவற்றிலும் வருகிறது. இந்த வித்தியாசம்தான் துப்பறிவதற்கான முதல் நூல். ஒரே சிலிண்டர் என்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான பொருள்களில் தேடணும்: பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு. பி0300 என்றால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதில் தேடணும்: பெட்ரோலின் தரம், ஃபியூயல் பம்ப் அழுத்தம், இன்டேக்கில் காற்றுக் கசிவு. அல்லது எல்லாப் பிளக்கும் ஒன்றாகவே வயதாகியிருக்கலாம்.

கூடவே வேறு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பி0351 வரிசை என்றால் காயில் சர்க்யூட், பி0201 வரிசை என்றால் இன்ஜெக்டர் சர்க்யூட். இவை வந்திருந்தால் வயரிங்கையும் கனெக்டரையும் முதலில் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் எலியை மறக்கக் கூடாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் பானெட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடிப்பது தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களுக்கு அன்றாடச் செய்தி. நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய வண்டி காலையில் மிஸ்ஸிங் அடித்தால், டார்ச் அடித்து வயரைப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

ஸ்கேனரில் ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்று ஒரு பக்கம் உண்டு. கோடு பதிவான நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று அதில் இருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வருகிறதா, மலை ஏறும்போது மட்டும் வருகிறதா என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். லோடில் மட்டும் வந்தால் பெரும்பாலும் ஸ்பார்க் பக்கம் சந்தேகப்படலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாய மின்சாரத்துக்கு இன்னும் அதிக வோல்டேஜ் தேவைப்படும். தளர்ந்த காயில் அங்கேதான் கைவிரிக்கும். அதனால்தான் கோடு எதையும் படிக்கும் முன்பே அழித்துவிடாதீர்கள். அழித்தால் இந்தத் தகவலும் போய்விடும்.

காசில்லாத சோதனை: இடம் மாற்றிப் பார்ப்பது

இப்போது வரும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, இருபதாயிரம் முப்பதாயிரம் வோல்ட்டாக ஏற்றிப் பிளக்குக்குக் கொடுப்பது அதன் வேலை.

உங்கள் காரில் பி0303 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டர். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள். இரண்டாவதை மூன்றாவதில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு இடம் மாறியிருக்கிறது. காயில்தான் குற்றவாளி. ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மறுபடி பி0303-தான் என்றால் காயில் நிரபராதி. அடுத்துப் பிளக்கை இதே போல இடம் மாற்றுங்கள். அதிலும் கோடு நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன் என்று உள்ளே போக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கம்தான் முதல் சிலிண்டர். பிரெஞ்சு நிறுவனங்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணும் வழக்கம் உண்டு. மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தலைகீழாக எண்ணினால் நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவோம்.

கொஞ்சம் பழைய கார்களில் இரண்டு பிளக்குக்கு ஒரு காயில் என்ற முறை இருக்கும். நான்கு சிலிண்டரில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. அத்தகைய வண்டியில் பி0301, பி0304 இரண்டும் சேர்ந்து வந்தால் பிளக் இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம், அந்த ஜோடியின் பொதுக் காயிலைத்தான் முதலில் பார்க்கணும்.

இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பது அம்பாசடர், மாருதி 800 காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். ஷாக் அடிக்கும், காயில் கெடும், எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போகும். ஸ்கேனரிலேயே சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கை பார்க்கும் வசதி பல கார்களில் இருக்கிறது.

பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்க

கழற்றிய பிளக்கை மெக்கானிக் குப்பையில் போடும் முன் கேட்டு வாங்குங்கள். நுனி லேசான பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாகவே எரிந்திருக்கிறது. கறுப்பாக, உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக வருகிறது, அல்லது ஸ்பார்க்கே பலவீனம். ஈரமாகப் பெட்ரோல் வாசனை அடித்தால் அங்கே எரியவே இல்லை. எண்ணெய் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயிலை உள்ளே விடுகிறது. நுனி வெளுத்து, கொப்பளித்தது போலிருந்தால் அதிகச் சூடு. பீங்கான் உடம்பில் பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், ஸ்பார்க் நுனிக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே தாவி ஓடியிருக்கிறது. அப்படியானால் பிளக்கோடு காயிலின் ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும். பழைய பூட்டிலும் அதே தடம் விழுந்திருக்கும். புது பிளக் சில வாரத்தில் மறுபடி கெடும்.

பிளக் உட்காரும் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே இருக்கும் வால்வ் கவர் சீல் கசிந்தால் ஆயில் இறங்கி ரப்பர் பூட்டை ஊறவைத்துவிடும். தண்ணீரும் அப்படித்தான். சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்து பிரஷர் பம்பில் ‘வாட்டர் வாஷ்’ அடித்த அடுத்த நாளே மிஸ்ஸிங் வருவதற்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் வருவதற்கும் பெரும்பாலும் இந்தக் குழிதான் காரணம். அந்த நிலையில் புதுக் காயில் வாங்க வேண்டியதில்லை. ஈரத்தைத் துடைத்து, காற்றடித்து உலர்த்தி, பூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சாதாரண நிக்கல் பிளக் சுமார் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். இரிடியம் வகை அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. சிஎன்ஜி-யில் ஓடும் கார் என்றால் இந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிஎன்ஜி கலவையைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், பிளக்கும் காயிலும் சீக்கிரம் தேயும். பெட்ரோலில் ஸ்மூத்தாகப் போகும் வண்டி சிஎன்ஜி-க்கு மாற்றியதும் மிஸ்ஸிங் அடிப்பது இதனால்தான் பல நேரம்.

வாங்கும்போது பாக்கெட்டில் இருக்கும் பார்ட் நம்பர் உங்கள் மேனுவலோடு ஒத்துப்போகணும். பெயர் பெற்ற பிராண்டு பிளக்குகளில் போலி நிறையச் சுற்றுகிறது. சென்னை ஜி.பி. ரோடாக இருந்தாலும் சரி, ஆன்லைனாக இருந்தாலும் சரி, பில் இல்லாத மலிவு பிளக் வேண்டாம்.

மாற்றும்போது கவனம் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று: சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது கழற்றினாலோ, கோணலாகச் செருகி ஸ்பேனரால் திருகினாலோ மரை போய்விடும். அப்புறம் செலவு வேறு லெவல். குழியிலிருக்கும் தூசியை ஊதிவிட்டு, பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகி, பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கணும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷரோடு வரும் புது 14 எம்.எம். பிளக்குக்குக் கையால் நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். உங்கள் காருக்கான எண்ணை மேனுவலில் பாருங்கள். இரிடியம் நுனி மெல்லியது, அதை நெம்பி வளைக்க விடாதீர்கள்.

ஸ்பார்க் சரி, அப்புறம்?

பெட்ரோல் பக்கம். இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் இன்ஜின் ஓடும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்தால் டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி கேட்கும். சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் தலைமுடியும் துப்பட்டாவும் போகாமல் பார்த்துக்கொள்ளணும். மூன்று டிக்கடிக்க, ஒன்று மௌனம் என்றால் அது செத்திருக்கிறது, அல்லது அதற்குக் கரண்ட் வரவில்லை.

காற்றுப் பக்கம், இன்டேக் குழாயில் விரிசல் இருந்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வரும், ஐடிலில் நடுக்கம் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருக்கும். பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற கோடும் சேர்ந்து வரலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்பார்க் கெட்டு எரியாமல் போன சிலிண்டரும் ஆக்ஸிஜனை வெளியே அனுப்புகிறதல்லவா? அதைப் பார்த்த ஆக்ஸிஜன் சென்சார் “பெட்ரோல் போதலை” என்று தப்பாக நினைக்கும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் ஊற்றும். ஆகவே பி0171-ஐப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றக் கிளம்ப வேண்டாம். மிஸ்ஃபயரை முதலில் தீருங்கள்.

“இ20 பெட்ரோல்தான் காரணம்” என்று இப்போது எல்லாக் கோளாறுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. பழைய கார்களில் மைலேஜ் குறையலாம், சில ரப்பர் பாகங்கள் சீக்கிரம் தேயலாம். ஒரே சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் என்றால் அதற்கு இ20-ஐக் குற்றம் சொல்வது பொருந்தாது, எல்லாச் சிலிண்டரும் குடிப்பது அதே பெட்ரோலைத்தானே. மாதக்கணக்கில் ஓட்டாமல் நின்ற வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் நிற்பது வேறு கதை. அதில் பி0300 வரும்.

கடைசியாக கம்ப்ரஷன். இது கொஞ்சம் பயமுறுத்தும் சோதனை, ஆனால் செய்வது எளிது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்து ஐந்தாறு சுற்று கிராங்க் செய்வார்கள். எண்ணை விட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம். ஒன்று மட்டும் மற்றவற்றை விட 15 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால் கோளாறு உள்ளேதான். அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால், கூலன்ட்டும் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட் என்று கிட்டத்தட்ட முடிவுகட்டலாம். “இன்ஜின் இறக்கணும்” என்று யாராவது சொன்னால், இந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அளக்காமல் இன்ஜின் இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் இன்ஜினில் ஸ்பார்க்கே கிடையாது. பிளக், காயில் பேச்சு வந்தால் சிரித்துவிட்டு நகரலாம். அங்கே இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும்தான் விசாரணைக்குரியவை.

சரி பண்ணியாச்சு. முடிஞ்சுதா?

கோடை அழித்துவிட்டு, குளிர்ந்த ஸ்டார்ட், சிட்டி டிராஃபிக், ஒரு மேம்பாலம், கொஞ்சம் ஹைவே என்று இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். பிறகு மறுபடி ஸ்கேன். மிஸ்ஃபயர் போய், பி0420 என்ற கோடு மட்டும் புதிதாக வந்தால், நீண்ட நாள் மிஸ்ஸிங்கோடு ஓட்டியதில் கன்வெர்ட்டர் அடிவாங்கியிருக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே ஸ்கேனர் உதவும். விற்பதற்குக் கொஞ்ச நேரம் முன் கோடுகளை அழித்துவிட்டால் லைட் அணைந்து, மீட்டர் சுத்தமாகத் தெரியும். ஆனால் அழித்தவுடன் காரின் சுய பரிசோதனைகள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆப்பில் ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தில் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் வரும் முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வந்து பார்க்கிறேன் என்று திரும்பிவிடலாம்.